‘பிரைட்ஸ்மெய்ட்ஸ்’: காசில்லாத தோழியின் கதை

முகமெல்லாம் வியர்த்து வழிய, உதடு வெளுத்துப்போய் நிற்கும் ஒரு பெண், தன் வயிற்றுக்கு ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காகச் சர்க்கரை பூசிய பாதாம் ஒன்றை வாயில் போட்டு மெல்லுகிறாள். எதிரில் நிற்பவளோ ஒரு சுருக்கமும் இல்லாத உடையில், ஒரு கலக்கமும் இல்லாத முகத்தோடு, அவள் மென்று விழுங்குவதைக் கவனித்துக்கொண்டிருக்கிறாள். 2011 மே மாதம் அமெரிக்காவில் வெளியான ‘பிரைட்ஸ்மெய்ட்ஸ்’ திரைப்படத்தின் மிகப் பேசப்பட்ட காட்சியில், மற்ற தோழிகள் கழிவறைக்குள் படும் பாட்டைத்தான் பெரும்பாலோர் நினைவில் வைத்திருக்கிறார்கள். என் நினைவில் தங்கியது அந்தப் பாதாம்தான். இந்தப் படம் எங்கே உயர்கிறது, எங்கே சறுக்குகிறது என்று யோசிக்கும்போதெல்லாம் அந்த இடத்துக்கே திரும்பி வருகிறேன்.

கிறிஸ்டன் விக்கும் ஆனி முமோலோவும் சேர்ந்து எழுதி, பால் ஃபெய்க் இயக்கி, ஜட் அபடோ தயாரிப்பாளர்களில் ஒருவராக இருந்த இந்தப் படம் 125 நிமிடம் ஓடுகிறது. சுமார் 3.25 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு, உலகெங்கும் 28 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பெண்களே பச்சையாகப் பேசி, பெண்களே சிரிக்க வைக்கும் படத்தை யார் பார்ப்பார்கள் என்று ஹாலிவுட் தயங்கிக்கொண்டிருந்த காலத்தில் வந்த வசூல் அது. சிறந்த அசல் திரைக்கதை, சிறந்த துணை நடிகை என இரண்டு பிரிவுகளில் ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. கொச்சையான நகைச்சுவைப் படங்களை விருதுக்குழுக்கள் பொதுவாக ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்பதால், இந்தப் பரிந்துரைகளின் எடை சற்று அதிகம்.

கதை எளியது. மில்வாக்கி நகரில் வாழும் ஆனி, ‘கேக் பேபி’ என்ற பெயரில் ஆசையாகத் தொடங்கிய கேக் கடையைப் பொருளாதார மந்தத்தில் இழந்தவள். கடை போனதோடு காதலனும் போய்விட்டான். இப்போது ஒரு நகைக்கடையில் விருப்பமில்லாத வேலை. விநோதமான அண்ணன் தங்கை இருவரோடு பகிர்ந்துகொள்ளும் வீடு. தன்னை மதிக்காத ஒருவனோடு அவ்வப்போது படுக்கை. இந்த நிலையில், சிறுவயது முதல் உயிர்த்தோழியான லிலியன் தனக்குத் திருமணம் நிச்சயமாகியிருப்பதாகச் சொல்லி, ஆனியைத் தலைமைத் தோழியாக இருக்கும்படி கேட்கிறாள். மாப்பிள்ளையின் மேலதிகாரியின் மனைவியான ஹெலன், அழகும் செல்வமும் ஒருங்கே வாய்த்தவள், அதே திருமணத்துக்குள் நுழைகிறாள். லிலியனுக்கு நெருங்கியவள் யார் என்ற போட்டி தொடங்குகிறது.

அமெரிக்கத் திருமணங்களில் மணப்பெண் தோழி என்பது அருகில் நின்று பூச்செண்டைப் பிடித்துக்கொள்ளும் வேலை மட்டுமல்ல. தோழிகள் பெரும்பாலும் ஒரே மாதிரியான உடையைத் தங்கள் சொந்தச் செலவில் வாங்க வேண்டும். திருமணத்துக்கு முன் நடக்கும் பரிசளிப்பு விருந்தையும் பெண்கள் மட்டும் போகும் உல்லாசப் பயணத்தையும் தலைமைத் தோழி முன்நின்று நடத்த வேண்டும். அன்பின் பெயரால் கொடுக்கப்படும் இந்தப் பதவி, கையில் காசில்லாதவளுக்கு ஒரு பெரிய செலவுப் பட்டியலாகவே வந்து சேர்கிறது. இந்த வழக்கம் தெரியாமல் படத்தைப் பார்த்தால், ஆனி ஏன் இவ்வளவு பொறாமைப்படுகிறாள், சின்ன விஷயங்களுக்கெல்லாம் ஏன் இப்படி வெடிக்கிறாள் என்று எரிச்சல்தான் வரும். தெரிந்து பார்த்தால், அவளுடைய ஒவ்வொரு அவமானத்துக்கும் பின்னால் ஒரு தொகை இருப்பது தெரியும். இந்தப் படத்தின் அசல் பலம் பச்சைப் பேச்சு அல்ல, பணம் பற்றிய இந்தக் கூர்மைதான் என்பது என் முடிவு. கொச்சையான காட்சிகளில்கூடப் பணம் நுழைந்த இடங்களே சிறந்திருக்கின்றன. நுழையாத இடங்கள் வெறும் சத்தமாகவே நிற்கின்றன.

நிச்சயதார்த்த விருந்தில் வரும் வாழ்த்துரைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். அதில் கொச்சையான சொல் ஒன்றுமில்லை என்றாலும், படத்தின் மிகக் கடுமையான சண்டை அதுதான். ஆனி மைக்கைப் பிடித்து, எளிமையாக, சற்றுத் தடுமாறித் தோழியை வாழ்த்திவிட்டு இறங்குகிறாள். ஹெலன் அதைவிட நேர்த்தியாகப் பேசுகிறாள். உடனே ஆனி மைக்கைத் திரும்ப வாங்குகிறாள். ஹெலன் மீண்டும் வாங்குகிறாள். இப்படி மாறி மாறி வாங்கி, தெரிந்த தெரியாத மொழிகளையெல்லாம் துணைக்கு அழைத்து, கடைசியில் பாட்டிலும் இறங்கிவிடுகிறார்கள். இருவர் முகத்திலும் புன்னகை ஒரு கணமும் அகல்வதில்லை. விருந்தினர்கள் முன்னிலையில் பல்லைக் காட்டிக்கொண்டே ஒருவரையொருவர் மிதிக்கும் இந்த நாகரிகத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய காட்சி நகைச்சுவைப் படங்களில் அரிது. காட்சி மிக நீளமானது என்று குறை சொல்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அதன் சிறப்பே அந்த நீளத்தில் இருக்கிறது. போதும், இறங்கிவிடு என்று நாம் மனத்துக்குள் கெஞ்சத் தொடங்கும்போதுதான் ஆனியின் பயம் நமக்குப் பிடிபடுகிறது.

ஆடைக்கடைக் காட்சிக்கு வருவோம். எழுத்தாளர்களின் முதல் வடிவத்தில் இது கிடையாது; அபடோ, ஃபெய்க் தரப்பிலிருந்து வந்த யோசனை. அதனாலேயே, பெண்கள் எழுதிய கதையில் ஆண்கள் ஒட்டவைத்த அருவருப்பு என்று இதை ஒதுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த விமர்சனத்தோடு என்னால் முழுமையாக உடன்பட முடியவில்லை. காட்சி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பார்ப்பதற்கே சுமாரான ஒரு பிரேசில் உணவகத்துக்குத் தோழிகளை மதிய உணவுக்கு அழைத்துச் சென்றவள் ஆனி; தன் சக்திக்கு எட்டியது அதுதான். அடுத்து அவர்கள் போகும் ஆடைக்கடையோ, முன்பதிவு இல்லாதவர்கள் வாசலைத் தாண்ட முடியாத இடம்; ஹெலனின் பெயர் கதவைத் திறந்துவிடுகிறது. அந்த வெள்ளைக் கம்பளத்தின் மேல், விலையைக் கேட்கவே கூசும் ஆடைகளுக்கு நடுவே, ஆனி வாங்கிக்கொடுத்த உணவு ஒவ்வொருத்தியின் வயிற்றிலும் வேலையைக் காட்டத் தொடங்குகிறது. இறைச்சியைத் தொடாத ஹெலன் மட்டும் தப்பிவிடுகிறாள். உணவு கெட்டிருந்தது என்று ஒப்புக்கொண்டால், தன் ஏழ்மையையே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால் ஆனி மறுத்துக்கொண்டே நிற்கிறாள். அந்தப் பாதாமை அவள் விழுங்குவது அதற்காகத்தான். உள்ளே கழிவறையில் நடப்பது உடலின் கூத்து. வெளியே அந்த இருவருக்கிடையே நடப்பது மானத்தின் கூத்து. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால்தான் காட்சி வலுவாக நிற்கிறது.

அதன் முடிவில் லிலியன் வெண்ணிற மணவுடையோடு சாலைக்கு ஓடி, எதிர்ப்புறம் போய்ச் சேர முடியாமல், நடுத்தெருவில் மெல்ல அமர்ந்துவிடுகிறாள். மாயா ருடால்ஃப் அந்தக் கணத்தை நடித்திருக்கும் விதத்தைச் சொல்லாமல் விட முடியாது. அலறவில்லை, கையைக் காலை உதறவில்லை. நடப்பது நடந்துவிட்டது என்று ஏற்றுக்கொண்ட ஒருத்தியின் அமைதி அந்த முகத்தில் வருகிறது. உடை பூப்போல் அவளைச் சுற்றி விரிகிறது. இத்தனை கொச்சையான நிகழ்ச்சியை இத்தனை கண்ணியமாக ஒருவர் நடிக்க முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

விமானக் காட்சியிலும் இதே கணக்குதான் நடக்கிறது. லாஸ் வேகாஸ் போகலாம் என்பது ஹெலனின் விருப்பம். மற்றவர்கள் முதல் வகுப்பில் அமர, ஹெலன் தனக்குப் பணம் கட்டுவதை ஏற்க மனமில்லாத ஆனி, சாதாரண வகுப்பின் இருக்கையில் தனியே ஒடுங்கி உட்காருகிறாள். பறக்கப் பயப்படும் அவளுக்கு ஹெலன் கொடுக்கும் மாத்திரையும் மதுவும் தலைக்கேற, அவள் திரும்பத் திரும்ப முதல் வகுப்புக்குள் நுழைவதும், பணிப்பெண்ணோ பணியாளரோ திருப்பி அனுப்புவதுமாகக் காட்சி வளர்ந்து, கடைசியில் விமானமே வயோமிங் மாநிலத்தின் காஸ்பர் நகரில் இறக்கப்படுகிறது. இரண்டு வகுப்புகளுக்கு நடுவே தொங்கும் ஒரு திரைச்சீலையைக் கொண்டு அமெரிக்காவின் வர்க்கப் பிரிவையே படம் சொல்லிவிடுகிறது. அவள் அருகில் அமர்ந்து பயத்தில் நடுங்கும் பயணியாக வருபவர், படத்தை உடன் எழுதிய முமோலோ என்பது தெரிந்தவர்களுக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

இவ்வளவு இரைச்சலுக்கு நடுவே, வசனமே இல்லாத ஒரு சிறு காட்சி இருக்கிறது. இரவு வீட்டில் ஆனி தனியாக ஒரே ஒரு கப்கேக் செய்கிறாள். மாவு கலக்கி, வேகவைத்து, இதழ் இதழாகச் சர்க்கரைப் பூ வைத்து, நகைக்கடைக்காரர் கல் பதிப்பதுபோல் அலங்கரிக்கிறாள். முடிந்ததும் எடுத்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தானே தின்றுவிடுகிறாள். கொடுக்க ஆளில்லை. அவளுக்கு என்ன திறமை இருந்தது, என்ன போய்விட்டது என்பதை எந்த உரையாடலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது.

கிறிஸ்டன் விக் மேடை நகைச்சுவையிலும் தொலைக்காட்சியிலும் பழகியவர். முகத்தை எந்த அளவுக்கும் கோணலாக்கத் தெரிந்தவர். இங்கே அவர் செய்திருக்கும் நல்ல காரியம், அந்த வித்தையைப் பெரும்பாலும் அடக்கி வைத்ததுதான். ஆனியின் மேல் நமக்குக் கோபம் வரலாம் என்ற துணிவோடு நடித்திருக்கிறார். பரிதாபத்தை எங்கும் யாசிக்கவில்லை. ஹெலனாக வரும் ரோஸ் பைர்னுக்கு இன்னும் கடினமான வேலை. சிரிக்க வைக்கும் வசனங்கள் குறைவு. பிறர் சிரிக்க வைப்பதற்கு அசையாத சுவராக நிற்க வேண்டும். அந்தச் சுவரில் மெல்லிய விரிசல்களை அவர் முதலிலிருந்தே காட்டிவருகிறார். தன் கணவரின் முதல் மனைவிக்குப் பிறந்த பிள்ளைகள் அவளை மதிக்காமல் பேசிவிட்டுப் போகும் இடத்தில், ஒரு நொடி அந்தப் புன்னகை இறுகுவதைப் பாருங்கள். ஆனியின் தாயாக வரும் ஜில் கிளேபர்க் இந்தப் படம் வெளியாவதற்கு முன்பே, 2010 நவம்பரில், காலமாகிவிட்டார். குடிப்பழக்கமே இல்லாதவராக இருந்தும் குடிநோயாளிகள் மீட்புக் கூட்டங்களுக்குப் போய் உட்காரும் அந்தத் தாயின் பாத்திரம் சிறியதுதான். ஆனால் அவர் வரும் இடமெல்லாம் படத்துக்கு ஒரு வீட்டின் சூடு கிடைக்கிறது.

தோழிகளில் ஒருத்தியான மெகனாக நடித்த மெலிசா மெக்கார்த்தியைப் பற்றி என் மனம் இரண்டாகவே இருக்கிறது. துணை நடிகைக்கான பரிந்துரை அவருக்கு நியாயமாகக் கிடைத்தது. எல்லாவற்றையும் இழந்து சோபாவில் சுருண்டு கிடக்கும் ஆனியின் வீட்டுக்கு அவர் வந்து, அவளை உண்மையாகவே அடித்து எழுப்பி, தன் பள்ளி நாட்களில் பட்ட இழிவுகளைச் சொல்லி, உன் துன்பத்துக்குக் காரணமும் நீயே, தீர்வும் நீயே என்று உணர்த்தும் காட்சி, நட்பு என்றால் என்ன என்பதைப் படம் முழுவதிலும் மிகத் தெளிவாகச் சொல்லும் இடம். கூச்சமே அறியாத, தன்னைப் பற்றி ஒரு குறையும் நினைக்காத இந்தப் பெண்தான் அந்தக் கூட்டத்தில் மிக நலமான மனம் கொண்டவள். எழுத்திலும் நடிப்பிலும் அது இருக்கிறது. ஆனால் படக்கருவி அவரை அப்படிப் பார்ப்பதில்லை. அவருடைய பருத்த உடல், ஆண்பிள்ளைத்தனமான உடை, ஆணைத் துரத்தும் ஆசை ஆகியவற்றையே நகைப்புக்கு உரியவையாக வைத்துப் பல காட்சிகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. அழகிய ஒல்லியான பெண் ஆசைப்பட்டால் அது காதல் கதை, பருத்த பெண் ஆசைப்பட்டால் அது சிரிப்பு என்ற பழைய கணக்கை இந்தப் படமும் மாற்றவில்லை. பெண்களைப் பற்றிய பழைய அளவுகோல்களை உடைத்த படம் என்று கொண்டாடப்படுவதால், இந்தக் குறை எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நடிகர்கள் படப்பிடிப்பிலேயே வசனத்தைப் புனைந்து பேச இடம்கொடுப்பது அபடோ தயாரிப்புகளின் வழக்கம். அதன் நன்மையை வாழ்த்துரைக் காட்சியில் கண்டோம். தீமையும் இங்கே நிறையவே இருக்கிறது. 125 நிமிடம் இந்தக் கதைக்கு மிகுதி. ஆனியோடு வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் அண்ணன் தங்கை வரும் பகுதிகளை முழுவதுமாக எடுத்துவிட்டாலும் கதையில் ஒரு நூலிழைகூட அறுந்திருக்காது. அவர்களாக வரும் மேட் லூக்காசும் ரெபெல் வில்சனும் வேறொரு படத்திலிருந்து வழிதவறி வந்தவர்கள்போல் இருக்கிறார்கள். தனக்குப் பழக்கமான காவல் அதிகாரி ரோட்ஸின் கவனத்தைத் தன் பக்கம் திருப்புவதற்காக ஆனி காரை மீண்டும் மீண்டும் ஓட்டிச்சென்று விதவிதமான போக்குவரத்துக் குற்றங்களைச் செய்துகாட்டும் பகுதி, முக்கியமான கட்டத்தில் கதையை நிறுத்திவைத்து விளையாடுகிறது. ஆனியை மதிக்காத அந்த ஆணாக நடித்த ஜான் ஹாமுடன் வரும் தொடக்கப் படுக்கைக் காட்சி, இது எப்படிப்பட்ட படம் என்று அறிவித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் வைக்கப்பட்டதாகவே தோன்றுகிறது. அங்கே உடல் இருக்கிறது, அவமானம் இன்னும் உருவாகவில்லை. அதனால் சிரிப்பும் மேலோடு நின்றுவிடுகிறது. மறுநாள் காலை பூட்டிய வாயிற்கதவின் மேல் ஏறி ஆனி மாட்டிக்கொள்வதில்தான் அது சரியான இடத்துக்கு வருகிறது.

இதைவிட வருத்தம் தருவது, மற்ற இரு தோழிகளுக்கு நேர்ந்தது. மூன்று மகன்களோடு இல்லறத்தில் அலுத்துப்போன ரீட்டாவும், புதுமணத்தின் மயக்கத்திலிருந்து விழிக்கத் தொடங்கிய பெக்காவும் விமானத்தில் அருகருகே அமர்ந்து, மது உள்ளே போகப் போக மனம் திறந்து பேசும் உரையாடல் அருமையானது. திருமணத்தைப் பற்றிய படத்தில், திருமணமானவர்கள் உள்ளபடி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கும் ஒரே இடம் அது. வெண்டி மெக்லெண்டன் கோவியும் எல்லி கெம்பரும் அதைச் சுவையாகச் செய்கிறார்கள். விமானம் தரையிறங்கியதும் அவர்களுடைய கதையும் இறங்கிவிடுகிறது. அதன்பின் அவர்கள் வரிசையில் நிற்கும் உடைகள் மட்டுமே. அண்ணன் தங்கைக்குச் செலவழித்த நிமிடங்களில் பாதியை இவர்களுக்குக் கொடுத்திருக்கலாம்.

குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கத் தக்க படமா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். அமெரிக்காவில் ‘ஆர்’ சான்றிதழ், அதாவது 17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம் என்ற சான்றிதழ், பெற்ற படம். வசைச் சொற்களும் பாலியல் பேச்சும் தொடக்கம் முதல் வருகின்றன. ஆனால் சிறுவயதுத் தோழி ஒருத்தி திருமணத்தாலோ வசதியாலோ தன்னைவிட்டு நகர்ந்துபோவதைக் கண்டவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. பல வசனங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுவதால், துணைத்தலைப்புகளோடு பார்ப்பது நல்லது.

கிறிஸ் ஓ’டவுட் நடித்திருக்கும் காவல் அதிகாரி ரோட்ஸ் மென்மையான மனிதர். ஆனியின் கேக்குகளை முன்பே சுவைத்து ரசித்தவர். மறுபடி கேக் செய் என்று மாவும் முட்டையும் வாங்கிவைத்து அவர் கேட்கும்போது, அது அக்கறையா அத்துமீறலா என்று ஆனி குழம்பிச் சீறுவதும், பிறகு ஒரு கேக் செய்து அவர் வாசலில் வைப்பதும் நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் இறுதியில் அவர் ஆனிக்குக் கிடைக்கும் பரிசாக நிற்கிறார். ‘கேக் பேபி’ என்ன ஆனது என்ற கேள்வியைப் படம் எங்கோ மறந்துவிடுகிறது. கடையை இழந்ததில்தான் அவள் துன்பம் தொடங்கியது. மறுபடி கடை திறந்தாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு வாடகைக் கட்டடத்தை எட்டிப் பார்ப்பதுபோல் ஒரு காட்சி, யாரோ ஒருவர் அவளிடம் கேக் கேட்டு வருவதுபோல் ஒரு வரி இருந்திருக்கலாம்.

இதே மறதி திருமணக் காட்சியிலும் இருக்கிறது. பரிசளிப்பு விருந்தில், சிறுவயது நினைவுகளைச் சேர்த்து ஆனி தன் கையால் தயாரித்த பெட்டியை, ஹெலன் கொடுத்த பாரிஸ் பயணம் ஒரு நொடியில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது. விருந்துக்குப் பாரிஸ் அலங்காரம் என்ற யோசனையே ஆனியுடையது என்பது அவள் நெஞ்சில் இன்னும் ஆழமாகப் பாய்கிறது. அந்த இடத்தில் நான் முழுமையாக ஆனியின் பக்கம் நின்றேன்; அவள் ராட்சதப் பிஸ்கட்டை உடைத்து, சாக்லேட் ஊற்றைக் கவிழ்க்கப் போராடும்போது எனக்குச் சிரிப்போடு கண்ணும் கலங்கியது. அப்படிப்பட்ட படம், கடைசியில் சமாதானத்தை எப்படிக் கொண்டாடுகிறது? ஆனியும் லிலியனும் சிறுமிகளாக இருந்தபோது நேசித்த வில்சன் ஃபிலிப்ஸ் இசைக்குழுவையே நேரில் வரவழைத்து மேடையேற்றுகிறாள் ஹெலன். இரு தோழிகளும் கைகோத்து ஆடுகிறார்கள், நாமும் மகிழ்கிறோம். அந்தப் பழைய நினைவு அவர்கள் இருவருக்கு மட்டும் உரியதாக இருந்தது. இப்போது அதற்கும் ஹெலன்தான் பணம் கட்டியிருக்கிறாள். இரண்டு மணி நேரமாக இந்த வலியை அத்தனை நுட்பமாகக் கவனித்துவந்த படம், இதை மட்டும் கவனிக்கவில்லை.